உரலுக்கு அடியில் ஒரு பெயர்

அத்தியாயம் ஏழு

மாரீஸ்வரனுக்கு வடை தொண்டையிலேயே நின்றது. இத்தனைக்கும் அது நேற்று சாயங்காலம் தின்ற வடை.

தின்றதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பான். கீழக்கரை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், வடை வாங்கிக் கொடுத்த பெரியவரிடம் வாயையும் திறந்து தொலைத்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, தலையில் தொப்பி, முகத்தில் அப்படி ஒரு சாந்தம். "தம்பிக்கு எந்த ஊரு? இங்கன என்ன ஜோலி?" என்று அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. இவன் அபிராமத்தில் அய்யா மிளகாய் போட்டு நஷ்டப்பட்டதில் ஆரம்பித்து, ராமநாதபுரத்தில் துப்பறியும் ஜெயசுதாவிடம் உதவியாளாகச் சேர்ந்தது, நூறு வருஷத்துக்கு முந்தைய நாவல், அதை எழுதிய பெண்ணைத் தேடிக் கீழக்கரைக்கு வந்தது என்று வரிசையாக அவிழ்த்தான். கடைசியில், "நாளைக்கு சஃபா டீச்சர் வீட்டு அடுப்படியில உரலைத் தூக்கிப் பார்க்கப் போறோம்யா" என்று மங்களமும் பாடி முடித்தான். பெரியவர் எழுந்து போன பிறகுதான் டீக்கடைக்காரர் சொன்னார், "சதக் முதலாளிகிட்ட இம்புட்டு நேரம் பேசுன ஆளு நீ ஒருத்தன்தாம்பா."

சதக்! சஃபா டீச்சருக்கு மாமா முறை. 'எங்க குடும்பத்துல எந்தப் பொம்பளையும் கதை எழுதலை, வேற வேலையைப் பாருங்க' என்று போனிலேயே ஜெயசுதாவை விரட்டிய அதே சதக். குரலைத்தான் கேட்டிருந்தான், முகத்தைப் பார்த்ததில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அன்றைக்குத்தான் அவனுக்கு முழுசாகப் புரிந்தது.

இன்று காலையில் சஃபா டீச்சரிடமிருந்து போன். "அக்கா, சதக் மாமா கொத்தனாரைக் கூட்டிட்டு வந்து நிக்கிறாக. அடுப்படித் தரை ஓதம் காத்துப் போச்சாம், இன்னைக்கே பெயர்த்துப் புதுசாப் போட்டுத் தாரேங்கிறாக. வேணாம்னாக் கேக்க மாட்டேங்கிறாக. சீக்கிரம் வாங்க!"

அதனால்தான் கார் இப்போது திருப்புல்லாணி ரோட்டில் பறந்துகொண்டிருந்தது.

"ஏலே மாரி, வண்டியை ரோட்டுல ஓட்டு. கருவேலங்காட்டுக்குள்ள என்னத்தைத் தேடுறே?" என்றாள் ஜெயசுதா, மடியில் விரித்திருந்த பழைய புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். ஐம்பதைத் தொடுகிற வயது, மூக்கில் இறங்கிய கண்ணாடி. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை விசாரிப்பதுதான் அவள் தொழிலில் முக்கால்வாசி. இந்த ஜில்லாவில் அவளிடம் சிக்கி மாப்பிள்ளை ஆகாமல் போனவர்கள் தனியாகச் சங்கமே வைக்கலாம்.

"ஒண்ணுமில்லக்கா. மனசாட்சி எங்கயோ விழுந்துருச்சு, அங்கன கெடக்கான்னு பார்த்தேன்."

"பஸ் ஸ்டாண்டுல விழுந்திருக்கும். நேத்து ராத்திரி சோறு வேணாம்னே. ஓசியில வயிறு ரொம்பினாத்தான் நீ சோறு வேணாம்பே. யாரு வாங்கிக் கொடுத்தா?"

மாரி எதிரே இல்லாத மாட்டுக்கு ஹாரன் அடித்தான். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பின்சீட்டில் இந்தக் கேஸைக் கொடுத்த கட்சிக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரில் மானம் போக வேண்டாமே என்று ஒரு நப்பாசை.

கட்சிக்காரர் பெயர் அரவாமுதன். சென்னை. முந்தின நாள்தான் ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் நனைந்து வந்திருந்தார்.

"பாவம் போச்சா சார்?" என்று மாரி பேச்சை மாற்றினான்.

"சளிதான் பிடிச்சிருக்கு" என்றார் அரவாமுதன். திருப்புல்லாணிக் கோபுரம் கடந்து போனபோது கன்னத்தில் போட்டுக்கொள்ளக்கூட அவர் கை எழவில்லை. கொள்ளுத்தாத்தா செய்த திருட்டுக்குக் கொள்ளுப்பேரன் கூசிப்போய் உட்கார்ந்திருப்பதை மாரி இந்தக் கேஸில்தான் முதன்முதலாகப் பார்க்கிறான்.

அந்தக் கொள்ளுத்தாத்தா மதராஸில் அமிர்தவல்லி பிரசுரம் நடத்தியவர். பெண்கள் எழுதிய நாவல்களுக்கு மவுசு வந்த காலம் அது. அவர் போட்டவற்றில் அதிகம் விற்றது 'நீலவேணி அல்லது சலாபத்து மர்மம்', எழுதியவர் ஸ்ரீமதி வனஜாட்சி அம்மாள். முத்துக் குளிக்கும் சலாபத்தில் கணவனைப் பறிகொடுத்த நீலவேணி, அவன் சாவுக்குக் காரணம் யார் என்று கண்டுபிடிக்கிற கதை. கஷ்டம் என்னவென்றால், வனஜாட்சி அம்மாள் என்று ஒரு பிறவி பூமியில் நடமாடியதே இல்லை.

அரவாமுதன் வீட்டில் பழைய அச்சுப் பிளாக்குகளை அடுக்கிய மரப்பெட்டி ஒன்று இருந்தது. ஒவ்வொரு நாவலின் முகப்புக்கும் ஒரு பிளாக், ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்த குழி. ஒரே ஒரு குழி காலி. அது நீலவேணியின் குழி. கொள்ளுத்தாத்தா அதற்கப்புறம் எந்தப் பெண்ணின் கதையையும் போடவில்லை. கடைசிக் காலத்தில், 'நானும் ஒரு கயிற்றை விட்டவன்' என்று சொல்லிச் சொல்லி அழுவாராம். வீட்டில் யாருக்கும் அர்த்தம் புரியவில்லை. பெயரைத் திருடியதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தார்கள். நூறாம் வருஷப் பதிப்பிலாவது உண்மையான பெயரைப் போட வேண்டும் என்பது அரவாமுதனின் வேண்டுதல்.

நாவலை ஒரே மூச்சில் படித்துவிட்டு, "இவங்க கீழக்கரைப் பொண்ணு, சார்" என்றவள் ஜெயசுதா. "நீலவேணி ஐயர் வீட்டுப் பொண்ணாம். ஆனா கல்யாணம் ஆன பிறகும் அவ அம்மா வீட்டுலயே இருக்கா, புருஷன்தான் பொழுது சாய அங்கன வாரான். கதையில ஒருத்தர்கூட அதைப் பார்த்து ஆச்சரியப்படலை. மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்குக் குடி வாரது கீழக்கரை வழக்கம். பேரை மாத்தினவரு வழக்கத்தை மாத்த மறந்துட்டாரு."

வழக்கம் அதோடு நிற்கவில்லை. அங்கே வீடும் பெண்ணுக்குத்தான் போகும், தாயிடமிருந்து மகளுக்கு. ஆகவே எழுதியவள் வீட்டைக் கண்டுபிடித்தால் அதில் குடியிருப்பது அவள் வாரிசாகத்தான் இருக்கும். 'எழுத்துக்காரி வீடு' என்று தெருவே சொல்லும் வீட்டில் சஃபா டீச்சர் இருந்தார். சிலோனுக்குப் போன புருஷன்மாருக்கு ஊர்ப் பெண்கள் சார்பில் கடிதம் எழுதிக் கொடுத்த கொள்ளுப்பாட்டி ஹலீமா உம்மாவால் வந்த பெயர் என்றுதான் டீச்சர் அதுவரை நினைத்திருந்தார். அந்த ஹலீமா உம்மாவின் புருஷனும் சலாபத்தில் போனவர்தான்.

கார் தெருமுனையில் நின்றது.

உள்ளே போனதும் மாரி ஜெயசுதாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான். அடுப்படிக்கு வெளியே முற்றத்தில் நாற்காலி போட்டு நேற்றைய வடைப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். கொத்தனார் கடப்பாரையோடு தயார். பெண்கள் வந்துபோகும் பக்கத்துச் சந்துக் கதவு வழியாகத் தெருப் பெண்கள் பாதிப்பேர் வந்து உள்கட்டில் கூடியிருந்தார்கள். எல்லோருக்கும் டீ போய்க்கொண்டிருந்தது. தரை போடுகிற வேலைக்கு இவ்வளவு பேர் கூடி மாரி பார்த்ததில்லை.

"வாங்க தம்பி" என்றார் சதக், மாரியைப் பார்த்து. "வடை செரிச்சுச்சா?"

மாரிக்குப் பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. ஜெயசுதா கண்ணாடிக்கு மேலாக அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பாதி பாரமாவது இறங்கியிருக்கும்.

சஃபா டீச்சர் கண் சிவந்து நின்றார். கையில் ஒரு பையில் மீன் இருந்தது. "இதையும் கொடுத்துட்டு, வீட்டையும் இடிக்க வந்திருக்காக. என்ன செய்யச் சொல்றீங்க?"

"யாரு கொடுத்தா மீனு?" என்றாள் ஜெயசுதா.

"மாமாதான். அவுக வள்ளம் கரைக்கு வந்தா மொத மீன் எங்க வீட்டுக்கு. எனக்கு நெனவு தெரிஞ்ச நாளா அப்படித்தான். உம்மா காலத்துல அவுக வாப்பா அனுப்புவாகளாம். ஏன் எதுக்குன்னு யாரும் கேட்டதில்ல."

ஜெயசுதா மீன் பையையும் சதக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எனக்கும் ஒரு டீ கொடுங்க" என்றாள்.

"அக்கா! கடப்பாரை!" என்று காதோரம் கிசுகிசுத்தான் மாரி.

"பார்த்தேன். இரும்பு. நல்லாருக்கு" என்றாள் அவள். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "முதலாளி, தரையைப் பெயர்க்கிறதுக்கு முந்தி எனக்கு ஒரே ஒரு சந்தேகம். முத்துக் குளிக்கிறவன் தண்ணிக்குள்ள இறங்கும்போது அவன் இடுப்புக் கயித்தைத் தோணியில யாரு பிடிப்பா?"

சதக்கின் டீ கிளாஸ் வாய்க்குப் போகாமல் நின்றது. அவர் உதட்டைத் திறக்கவே இல்லை. உள்கட்டிலிருந்து ஒரு பெண் குரல்தான் வந்தது. "மச்சான் பிடிப்பாக. வேற யாரு பிடிப்பாக?"

"எங்க ஊர்ல கிணத்துக் கயிறுதான் தெரியும்" என்றான் மாரி. "அதென்ன மச்சான்? கூடப்பிறந்த தம்பி பிடிச்சா ஆகாதா?"

"தம்பி பங்காளியில்ல? சொத்துக்கு ஆசைப்பட்டுக் கையை விட்டுட்டான்னா?" என்றது அந்தக் குரல், பாடம் நடத்துகிற தோரணையில். "பொண்டாட்டியோட காக்கா, அதான் உங்க ஊரு அண்ணன், பிடிச்சா விட மாட்டாக. தன் தங்கச்சி கழுத்துக் கருகமணியைத் தானே அறுப்பாகளா? அதான் அந்தக் காலத்துல கயிறு மச்சான் கையில."

"இந்தப் புத்தகத்துல ரங்கூன்ல இருந்து வந்த ஒரு அந்நியன் பிடிக்கிறான்" என்றாள் ஜெயசுதா. "கடைசி அத்தியாயத்துல அவன்தான் கொலைகாரன்னு முடியுது."

உள்கட்டில் கொல்லென்று சிரிப்பு. "முன்னப்பின்ன தெரியாதவன் கையில உசிரைக் கொடுப்பாகளா? எழுதுனவுக கடலையே பார்த்ததில்ல போல."

"அதேதான். மொத அத்தியாயத்துல இருந்து கடலைக் கரைச்சுக் குடிச்ச மாதிரி எழுதிட்டு வாரவங்க, கடைசியில மட்டும் கடலையே பார்க்காதவங்களா ஆயிட்டாங்க." ஜெயசுதா பக்கத்தைப் புரட்டினாள். "இன்னொண்ணு. புருஷனோட உடம்பு கரை ஒதுங்குது. கயிறு அறுந்துபோச்சுன்னு தோணிக்காரங்க சொல்றாங்க. நீலவேணி அவன் இடுப்புல கெடந்த கயித்தை முழம் போட்டுப் பார்க்கிறா. ஒரு சாண்கூடக் குறையலை. அறுந்த கயிறு முழுசா எப்படி வரும்? யாரோ கையை விட்டிருக்காங்க. அப்பவே அவ சந்தேகத்தை மனசுல போட்டுக்கிட்டு, புருஷன் எடுத்த முத்தை அடுப்படி உரலுக்கு அடியில ஒளிச்சு வைக்கிறா. அப்புறம் புத்தகம் முடிஞ்சுபோச்சு, முத்தை எடுக்கவே இல்ல. அதான் இந்த வீட்டு உரலையும் தூக்கிப் பார்க்க நெனச்சோம். ஒளிச்ச பொருளை எடுக்காம விடுற துப்பறியும் கதை உண்டா சார்?"

அரவாமுதன் தலையைக் குனிந்துகொண்டார். "கடைசி அத்தியாயம் அவங்க எழுதினதில்ல. எங்க கொள்ளுத்தாத்தா எழுதினது" என்றார் மெதுவாக. "பெயரை மட்டும்தான் எடுத்தார்னு நினைச்சிருந்தேன்."

சதக் எழுந்தார். முகத்தில் நேற்றைய சாந்தம் காணோம். "பேசுனது போதும். ஏம்ப்பா, உரலைத் தூக்கு. உடைக்காம, அலுங்காமத் தூக்கணும்" என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

முடிந்தது கதை என்று நினைத்தான் மாரி. உள்ளே இருப்பதை முழுசாக எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போய்விடுவார் மனுஷன். மூன்று வடைக்கு ஒரு பெண்ணின் பெயரை விற்ற புண்ணியவான் அபிராமம் மாரீஸ்வரன். அவனுக்கு அழுகையே வந்தது.

கடப்பாரை கல்லுக்கு அடியில் நுழைந்தது. தரையில் பாதி புதைந்திருந்த உரலைக் கொத்தனாரும் அவர் கூட்டி வந்த ஆட்களுமாக நாலு பேர் சேர்ந்து அசைத்துச் சாய்த்தார்கள். அடியில் மணல். மணலுக்குள் கொத்தனாரின் கை எதிலோ தட்டியது. ஒரு பித்தளை டப்பா. தோணியில் ஓட்டை அடைக்கிற குங்கிலியத்தை உருக்கி ஊற்றி மூடியை அடைத்திருந்தது. அதைச் சுரண்டித் திறந்தால், உள்ளே மெழுகுத் துணியில் சுற்றிய ஒரு மரக்கட்டை. கட்டையின் முகத்தில் அறைந்த தகட்டில் எழுத்துகள் இடவலமாகத் திரும்பி இருந்தன.

"எங்க பிளாக்!" என்றார் அரவாமுதன். காலிக் குழியை நூறு தடவை பார்த்த மனுஷனுக்கு அளவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. அசைந்த உதடுகள் அப்படியே நின்றன.

"என்ன போட்டிருக்கு சார்?" என்றார் சஃபா டீச்சர்.

"தெரியலை. திருப்பி இருக்கே... படிக்க வரலை" என்று அவர் கட்டையை மறுபடி துணியில் சுற்றப் போனார்.

மாரிக்கே பொறுக்கவில்லை. "சார், திருப்பின எழுத்தைப் படிச்சுத்தான் நாங்க தமிழே கத்துக்கிட்டோம்னு வாரப்ப கார்ல சொன்னீங்களே."

அரவாமுதனின் கண் சுவரோரம் நின்ற சதக்கின் முதுகுக்குப் போய் வந்தது. ஜெயசுதா அவர் கையிலிருந்து கட்டையை எடுத்துக்கொண்டாள். "டீச்சர், வீட்டுல கண்ணுக்கு இடுற சுருமா இருக்கா? ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயும் வேணும்."

சுருமா வந்தது. எண்ணெயில் குழைத்த மையைத் தகட்டில் பூசினாள் ஜெயசுதா. சஃபா பெட்டியிலிருந்து தன் உம்மாவின் பழைய வெள்ளைத் துப்பட்டியை எடுத்து வந்து தரையில் விரித்தார். "கறையாயிரும் டீச்சர்" என்றான் மாரி. "ஆகட்டும்" என்றார் அவர்.

கட்டையைக் கவிழ்த்து அழுத்தி எடுத்தாள். மேல் வரியில் மை சரியாகப் படவில்லை, வெறும் தீற்றலாக இருந்தது. கீழ் வரிகள் பளிச்சென்று விழுந்தன.

'இஃது கீழக்கரை ஹலீமா உம்மா இயற்றியது.'

சஃபா டீச்சர் அந்தப் பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உள்கட்டிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி 'மாஷா அல்லாஹ்' என்றாள். பெயரைத் திருடிய வீட்டில் பெயரோடு பிளாக் செய்திருக்கிறார்களே என்று மாரிக்குக் குழம்பியது. ஜெயசுதா மேல் வரிக்கு மறுபடி மை பூசினாள். துப்பட்டியில் வேறோர் இடத்தில் அழுத்தினாள். எடுத்தாள்.

'மச்சான் விட்ட கயிறு.'

அதுதான் புத்தகத்தின் அசல் பெயர்.

கயிறு பிடித்த கதையைச் சற்றுமுன் பாடம் நடத்திய பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹலீமா உம்மாவின் புருஷனுக்கு மச்சான் யார் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஹலீமா உம்மாவின் கூடப்பிறந்த காக்கா. சதக்கின் வாப்பாவுக்கு வாப்பா.

மாரிக்கு அப்போதுதான் விளங்கியது. பெரியவர் பாட்டனாரின் குட்டை மறைக்கத்தான் இத்தனை அவசரமாகக் கிளம்பி வந்திருக்கிறார். அவன் துணிந்து டப்பாவுக்கும் சதக்குக்கும் நடுவில் போய் நின்றான். "இதை நீங்க எடுத்துட்டுப் போக முடியாதுய்யா. தப்பு என்னோடது, நான்தான் உளறினேன். என் மேல ஏறிப் போங்க."

"நகருலே" என்றாள் ஜெயசுதா. "எடுக்க வந்தவரு தெருவைக் கூட்டி வச்சு, டீ ஊத்தி, அலுங்காமத் தூக்குன்னு சொல்லிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிப்பாரா? கண்டுபிடிக்கப்படணும்னுதான் முதலாளி கொத்தனாரைக் கூட்டிட்டு வந்திருக்காரு. நாம தனியா வந்து தூக்கியிருந்தா, நாமளே கொண்டு வந்து வச்சோம்னு ஊரு சொல்லியிருக்கும். இப்ப அத்தனை பேரும் சாட்சி."

சதக் மெல்லத் திரும்பினார். கண் நிறைந்திருந்தது.

"என் வாய் திறக்கக் கூடாதுன்னு வாப்பா குர்ஆன் மேல சத்தியம் வாங்கிட்டாக" என்றார். "அதான் போன்லயும் உங்களை விரட்டினேன். நான் வாயைத் திறக்கல. உரல்தான் திறந்துச்சு." அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டார். "சுறா வந்துருச்சுன்னு யாரோ கத்தினானாம். பயத்துல பாட்டனாரு கையை விட்டாராம். அம்புட்டுதான். கொல்லணும்னு விடலை. ஆனா விட்டாரு. கரைக்கு வந்து, கயிறு அறுந்துபோச்சுன்னு தங்கச்சிகிட்ட பொய்யும் சொன்னாரு."

"அவுக நம்பினாகளா?" என்றார் சஃபா.

"நம்புன மாதிரி இருந்துக்கிட்டு எழுதினாக. கோஷாவுல இருக்கிற பொம்பளை மதராஸுக்கு எப்படிப் போவாக? காக்காகிட்டதான் கொடுத்தனுப்புனாக. அவருக்கு எழுத்து ஒண்ணும் தெரியாது. தங்கச்சி எழுதுன கதைன்னு பெருமையா, தன் குத்தத்தைத் தானே சுமந்துக்கிட்டு ரயிலேறினாரு. அங்க பிரசுரக்காரரு பிளாக்கெல்லாம் செஞ்சு வச்சு, பேரு எப்படி இருக்கு கேளுங்கன்னு ஆசையா வாசிச்சுக் காட்டியிருக்காரு."

அரவாமுதன் கண்ணை மூடிக்கொண்டார்.

"காக்கா அவரு காலைப் பிடிச்சு அழுதாராம். பேரை மாத்துங்க, முடிவை மாத்துங்க, ஊர்ல தலை காட்ட முடியாதுன்னு. அந்த மனுஷனுக்கு மனசு இளகிருச்சு. கேக்க வேண்டியவுக கோஷாவுக்குள்ள இருந்தாக, அவுககிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. புத்தகம் வந்த பிறகு பிரசுரக்காரருக்கு என்ன தோணுச்சோ, இந்தக் கட்டையை மட்டும் தங்கச்சிக்கு அனுப்பி வச்சிருக்காரு. அவுக காக்காவைக் கூப்பிட்டு, 'என் உரலுக்கு அடியில வச்சிருக்கேன், தைரியம் இருந்தா எடுத்துட்டுப் போ'ன்னாகளாம். சாகுற வரைக்கும் அவரு இந்த அடுப்படி வாசலை மிதிக்கலை. மீனைத்தான் அனுப்பினாரு. வாப்பா அனுப்பினாக. நான் அனுப்புறேன்." அவர் சஃபாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. "இனிமே அனுப்பலாமா, வேணாமாம்மா?"

சஃபா டீச்சர் துப்பட்டியில் இருந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அனுப்புங்க மாமா" என்றார் கடைசியில். "ஆனா நீங்களே கொண்டு வாங்க. வந்து இந்த அடுப்படியில உக்காந்து சாப்பிட்டுப் போங்க."

பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். மாரி கொத்தனாரின் கடப்பாரையை வாங்கிச் சுவரோரம் சாத்திவிட்டு, அதற்கப்புறம் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

அரவாமுதன்தான் தொண்டையைச் செருமினார். "டீச்சர், ஹலீமா உம்மா பெயரைப் பெரிசாப் போடுறேன். முதல் பக்கத்துல, அட்டையில, எல்லா இடத்துலயும். அதுல மாற்றமே இல்லை." பெரியவரை ஒரு தடவை பார்த்தார். அவர் கண்ணிலும் நீர் இருந்தது. "தலைப்பு மட்டும்... பழையபடி நீலவேணின்னே இருந்துட்டுப் போகட்டுமே. பாவம், பெரியவர் இந்த ஊர்லதானே நடமாடணும்? மனசு கேட்கலை."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் சொன்ன வார்த்தை முற்றத்தில் விழுந்ததும் மாரி சட்டென்று அவரை நிமிர்ந்து பார்த்தான். மதராஸில் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, காலைப் பிடித்து அழுதவனைப் பார்த்து ஒருவர் மனசு இளகியதும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"சார்" என்றாள் ஜெயசுதா. "இப்பக் கயிறு உங்க கையில."

அரவாமுதன் திடுக்கிட்டார். தான் சொன்னது என்ன என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பிச் சஃபாவைப் பார்த்தார்.

சஃபா டீச்சர் எழுந்தார். மை காயாத பிளாக்கை எடுத்துக்கொண்டு போய் அவர் கைகளில் வைத்தார். வைத்த பிறகும் தன் கையை எடுக்கவில்லை.

"கெட்டியாப் பிடிச்சுக்கங்க சார்" என்றார்.

அரவாமுதனின் விரல்கள் மெதுவாக மடங்கி அந்தக் கட்டையைப் பற்றின. சுருமா கறுப்பு இரண்டு பேர் கையிலும் ஒட்டியது. உரல் இருந்த குழியில் மணல் இன்னும் சரிந்துகொண்டிருந்தது.

கார் கிளம்பும் வரை மாரி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பது அவனுக்கே புதுசாக இருந்தது.

"வடை எத்தனை?" என்றாள் ஜெயசுதா.

"மூணுக்கா."

"இனிமே ரெண்டோட நிறுத்திக்க" என்று சொல்லிவிட்டு, அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். பின்சீட்டில் அரவாமுதன் கட்டையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.